யாக்கிசோபா: நான்கு பேருக்கு மட்டும்

கம்பெனி டாக்டர் லிஃப்ட்காரரின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்றார். லிஃப்ட்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. அந்த இடத்தில் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு அழுத்தம் இருந்தது. கம்பிக் கயிற்றில் இருந்தது, பிரேக்கில் இருந்தது. ரத்தத்திலும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டுமே.

"சாயங்காலம் என்ன சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"யாக்கிசோபா சார்."

"என்னது?"

"ஜப்பான் நூடுல்ஸ். இரும்புக் கல்லுல போட்டு வறுத்துக் குடுப்பாங்க. முட்டைகோஸ், கேரட், கறி எல்லாம் போட்டு, மேல கறுப்பா ஒரு சாஸ் ஊத்தி."

"தினமுமா?"

"தினமும்தான்."

டாக்டர் பேனாவை மூடினார். "அதுல என்ன சத்து, எவ்வளவு உப்புன்னு தெரியாம நான் எதுவும் சொல்ல முடியாது. சத்துக் கழகத்துல மதிப்பீடு வாங்கிட்டு வாங்க. அது வர்ற வரைக்கும் மேல ஏற வேண்டாம். கிடங்குல உட்காருங்க."

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. சட்டம் அப்படி. லிஃப்ட்காரர் கிடங்குக்குப் போய், நட்டும் போல்ட்டும் நிறைந்த அலமாரிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்த பிறகுதான், தன் பழைய வேலையில் எவ்வளவு பேச்சுத்துணை இருந்தது என்பது அவருக்குப் புரிந்தது. லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவரோடு மிகுந்த பிரியத்துடன் பேசுவார்கள். "அண்ணே, இருக்கீங்களா? அங்கேயே இருங்கண்ணே, போயிடாதீங்க" என்று கெஞ்சுவார்கள். தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்கள். கதவு திறந்ததும் பேச்சு நின்றுவிடும். அவரைத் தாண்டி வேகவேகமாகப் போய்விடுவார்கள். அதற்காக அவர் கதவைத் திறக்கத் தாமதித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தடவைகூட அவசரப்பட்டதில்லை.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி மகளின் பிரசவத்துக்கு உதவியாகப் போனவர். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மனைவி இன்னும் திரும்பி வரவில்லை. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. வருவதாகத்தான் இருந்தது, வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் சாயங்காலம் வேலை முடிந்ததும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நூடுல்ஸ் கடைக்குப் போவார். கடையை நடத்துகிறவர் ஒரு நாற்பது வயதுப் பெண்மணி. ஜப்பானில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவப் போய், சமைக்கக் கற்றுக்கொண்டு வந்தவர். லிஃப்ட்காரரைப் பார்த்ததும் "வாங்கண்ணே" என்பார். தட்டை வைக்கும்போது "சூடா இருக்கு, பாத்து" என்பார். கிளம்பும்போது "நாளைக்கு வாங்கண்ணே" என்பார். லிஃப்ட்காரர் யாக்கிசோபாவை விரும்பிச் சாப்பிட்டார் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பெண்மணி வேறு எதைச் சமைத்திருந்தாலும் அவர் அதையும் விரும்பிச் சாப்பிட்டிருப்பார்.

"சத்தா?" என்றார் கடைக்காரம்மா, டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு. "காய் இருக்கு, கறி இருக்கு, மாவு இருக்கு. இதுக்கு மேல என்னண்ணே சத்து?"

"எவ்வளவுன்னு சொல்லணுமாம்மா."

"நான் கைல அள்ளிப் போடறவ. என் கைக்கு எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கழகம் கிழகம்னு போய் என்னை எதுலயாவது மாட்டி விட்டுடாதீங்கண்ணே."

"வேணாம்னா விட்டுடறேன்."

கடைக்காரம்மா கல்லைச் சுரண்டினார். "விட்டுட்டா அப்புறம் நீங்க சாப்பாட்டுக்கு எங்க போவீங்க?" என்றார். "சரி, என்ன வேணும்னு கேட்டுட்டு வாங்க."

உணவுச் சத்து மதிப்பீட்டுக் கழகம் ஒரு மாபெரும் கட்டடம். வாசலில் ஒரு கேரட்டின் சிலை இருந்தது. வரவேற்பு மேஜையில் இருந்த இளம்பெண் தலையை நிமிர்த்தாமல் "என்ன விஷயம்?" என்றாள்.

"யாக்கிசோபா விஷயமா வந்திருக்கேம்மா."

"சோபாவா? அது மரச்சாமான் துறை. பக்கத்துக் கட்டடம்."

"உட்கார்ற சோபா இல்லம்மா. சாப்பிடற சோபா."

அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் சிரிப்பது வழக்கமில்லை போலிருக்கிறது. உடனே வாயைக் கையால் மூடிக்கொண்டு, மேல்மாடிக்குப் போகச் சொன்னாள்.

போகிற வழியில் லிஃப்ட்காரருக்குத் தாகமாக இருந்தது. கழகத்தின் உணவகத்துக்குள் நுழைந்தார். விசாலமான கூடம், வரிசையாக மேஜைகள், ஒரு ஆள்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர் வெந்நீர் மட்டும்தான் இருக்கிறது என்றார். மதிப்பீடு செய்யப்படாத உணவைக் கழகத்துக்குள் விற்கக்கூடாது. கழகம் இதுவரை மதிப்பீடு செய்து முடித்தது வெந்நீரை மட்டும்தான்.

"அப்போ இங்க வேலை பாக்கறவங்கல்லாம் எங்க சாப்பிடறாங்க?"

"சாப்பிடறதில்ல" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேல போனா பாப்பீங்க" என்றார்.

மேலே போனார். நீண்ட அறை. வரிசையாக மேஜைகள், ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு ஆள். ஒவ்வொருவரும் தன் மேஜை இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குள் தலை குனிந்து எதையோ மென்றுகொண்டிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவர் இருமியதும் எல்லா இழுப்பறைகளும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக மறுபடியும் திறந்தன. லிஃப்ட்காரர் நின்று பார்த்தார். இத்தனை பேர் ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாகச் சாப்பிடுவதை அவர் பார்த்ததில்லை.

முதன்மை மதிப்பீட்டாளர் உயரமான மனிதர். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். உணவைக் கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும் என்றார். மறுநாள் கடைக்காரம்மா தன் இரும்புக் கல்லோடும் கூடையோடும் வந்து, கழகத்தின் ஆய்வகத்திலேயே ஒரு தட்டு யாக்கிசோபா செய்து, சிவப்பு இஞ்சி ஊறுகாயை ஓரத்தில் வைத்து, மேலே மீன் சீவலைத் தூவி அவர் முன்னால் வைத்தார். காய்ந்த மீனைக் காகிதம் போல மெல்லியதாகச் சீவியது அது. சூடு பட்டதும் நெளிய ஆரம்பித்தது.

மதிப்பீட்டாளர் ஒரு அடி பின்னால் போனார். "அசையுது."

"சூட்டுக்கு அசையுது சார். மீன் சீவல்."

"மீனா? உயிரோடவா?"

"காஞ்ச மீனுங்க. செத்து ரொம்ப நாளாச்சு" என்றார் கடைக்காரம்மா.

"அசையறத உணவுப் பிரிவுல எடுத்துக்க மாட்டோம். உயிரினப் பிரிவுக்குப் போகட்டும்."

தட்டு உயிரினப் பிரிவுக்குப் போனது. அங்கே ஒரு அதிகாரி அதன் முன்னால் உட்கார்ந்து, அசைவு நிற்கும் வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, முறைப்படி எழுந்து நின்றார். தட்டு திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் ஆறிப்போயிருந்தது. ஆறிய உணவுக்கு மதிப்பீடு கிடையாது. கடைக்காரம்மா புதிதாக ஒரு தட்டு செய்தார். அதுவும் அசைந்தது. இப்படியே அந்த வாரம் போனது.

கடைசியில் கடைக்காரம்மா, "நான் வேணா அந்த மீனைப் போடாமக் குடுத்துடறேனே" என்றார்.

முதன்மை மதிப்பீட்டாளர் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இத யோசிக்க ஒரு குழு அமைச்சிருந்தோம்" என்றார் வருத்தத்துடன்.

அடுத்து பெயர்ப் பிரிவு. அதன் அதிகாரி குட்டையான மனிதர், பெரிய படிப்பாளி. தட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. பெயரை மட்டும் பார்த்தார்.

"சோபான்னா ஜப்பான் பாஷைல பக்வீட்ங்கற தானியம். இதுல பக்வீட் இல்ல. வெறும் கோதுமை. அதனால இது இது இல்ல."

"அங்கயும் இதக் கோதுமைலதாங்க செய்யறாங்க. பேரு மட்டும் அப்படி" என்றார் கடைக்காரம்மா.

"ஜப்பான்காரங்க தப்பு பண்ணா நாமளும் பண்ணணுமா?"

"சரி சார்" என்றார் லிஃப்ட்காரர். "இது இது இல்லன்னா, அப்போ இது எது?"

"அதச் சொல்றது எங்க பிரிவோட வேலை இல்ல. எது எது இல்லன்னு சொல்றதுதான் எங்க வேலை. இந்த நாற்காலில உட்கார்ந்த நாள்லேர்ந்து ஒரு பொருளக்கூட நான் இன்னதுன்னு ஒத்துக்கிட்டதில்ல" என்றார் அதிகாரி. சொல்லும்போது நாற்காலியில் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெரிய மனது வைத்து, 'யாக்கிசோபா எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் உணவு' என்று பெயர் வைத்து மேலே அனுப்பினார்.

மேலே இருந்தது அலகுப் பிரிவு. ஒரு தட்டு என்றால் எவ்வளவு, ஒரு வாய் என்றால் எவ்வளவு என்று முடிவு செய்கிற இடம். அதன் அதிகாரி சாந்தமானவர். லிஃப்ட்காரரை உட்காரச் சொன்னார்.

"வீட்ல எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன்தான் சார்."

"அப்படி இருக்க முடியாதே. எங்க அட்டவணைல ஒரு பரிமாறல்னா நாலு பேர். கணவன், மனைவி, ஒரு பையன், ஒரு பொண்ணு."

"அப்போ எனக்கு நாலால வகுத்துக் குடுத்துடுங்க சார்."

அதிகாரி சோகமாகத் தலையை ஆட்டினார். "சாப்பாட்ட வகுக்கலாம். குடும்பத்த வகுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லீங்க. நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க."

அன்று லிஃப்ட்காரர் மனைவிக்குப் போன் செய்தார். பின்னால் குழந்தை கத்துகிற சத்தமும் குக்கர் சத்தமும் கேட்டன.

"நூடுல்ஸ் சாப்பிடறதுக்கா நான் அவ்வளவு தூரம் வரணும்?" என்றார் மனைவி. "பாப்பாவ ஸ்கூலுக்கு யாரு கூட்டிட்டுப் போவா?"

"ஒரு நாள்தான் வேணும்னு நினைக்கறேன்."

"நினைக்கறீங்களா? ஆபீஸ்காரன் ஒரு நாள்னா ஒரு மாசம். உங்களுக்குத் தெரியாதா?" பிறகு மகள் போனை வாங்கினாள். "அப்பா, அம்மா இல்லன்னா இங்க ஒண்ணுமே ஓடாதுப்பா. நீங்க உடம்பப் பாத்துக்கோங்க." குக்கர் மறுபடியும் கத்தியது. யார் வைத்தார்களோ, போன் வைக்கப்பட்டது.

குடும்பம் வரவில்லை என்று லிஃப்ட்காரர் சொன்னபோது அலகுப் பிரிவு அதிகாரி கோபப்படவில்லை. விதிகளில் அதற்கும் வழி இருந்தது. மதிப்பீட்டுக் காலத்துக்கு மட்டும் கழகமே ஒரு தற்காலிகக் குடும்பத்தை நியமிக்கலாம். மூன்று பிரிவுகளிலிருந்து மூன்று பேர் அனுப்பப்பட்டார்கள்.

மனைவியாக வந்தவர் தட்டச்சுப் பிரிவின் மூத்த பெண்மணி. ஒல்லியானவர். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கல்யாணம் ஆகாதவர். அதனால் இந்தப் பணிக்கு முன் அனுபவம் இல்லை என்று முதலிலேயே எழுத்து மூலம் தெரிவித்திருந்தார். மகனாக வந்தவர் ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவர். தலை முழுக்க வழுக்கை. லிஃப்ட்காரரைவிட நாலைந்து வயதுதான் சின்னவராக இருப்பார். மகளாக வந்தது, சோபாவுக்குச் சிரித்த வரவேற்புப் பெண்.

நான்கு பேரும் ஆய்வகத்தின் நடுவில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கடைக்காரம்மா மூலையில் கல்லைச் சூடாக்கினார். அலகுப் பிரிவு அதிகாரி ஒரு ஓரமாக நின்று, "குடும்பம் இயல்பாகப் பேசிக்கொள்ளலாம்" என்று அறிவித்தார்.

நூடுல்ஸை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. கழகத்து ஆட்கள் மூன்று பேரும் சூடான சாப்பாட்டைப் பகலில் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. மகனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவி பட்டது என்றார்.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பையிலிருந்த குறிப்பைப் பார்த்துப் படித்தார். "இன்னிக்கு வேலை எப்படி இருந்தது?"

லிஃப்ட்காரர் வாயில் இருந்ததை விழுங்கினார். அந்தக் கேள்வியை அவரிடம் யாராவது கடைசியாக எப்போது கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

"இப்போ கிடங்குல இருக்கேன்" என்று ஆரம்பித்தார். "முன்னாடி மேல ஏறுவேன். லிஃப்ட் மேல போகும்போது கூடவே ஒரு எடைக்கல் கீழ இறங்கும். அது யாருக்கும் தெரியாது. சுவத்துக்குப் பின்னால ஓடும். இவங்க மேல போறதுக்கு அது கீழ போகணும். மேல கூரைல மெஷின் ரூம்ல உட்கார்ந்தா அந்தக் கல்லு வந்து போறது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதுகிட்ட பேசிட்டிருப்பேன்."

"என்ன பேசுவீங்க?" என்றாள் மகள். அது குறிப்பில் இல்லை.

"வந்துட்டியான்னு கேப்பேன்."

கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்த கடைக்காரம்மா திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு பேசுவீங்களாண்ணே? எங்கிட்ட 'ஒரு ப்ளேட்டு'க்கு மேல ஒரு வார்த்தை பேசினதில்லையே!"

மதிப்பீடு ஒரு நாளில் முடியவில்லை. தினமும் நடந்தது. இரண்டாவது வாரத்தில் மனைவி குறிப்பை எடுத்து வருவதை நிறுத்திவிட்டார். மகன், முட்டைகோஸ் கொஞ்சம் கறுகினால்தான் ருசி என்று கடைக்காரம்மாவிடம் வாதாடினார். மகள் அப்பாவின் தட்டிலிருந்து கறித்துண்டுகளைத் திருடித் தின்றாள். கேட்டால், "உங்களுக்கு அழுத்தம் இருக்குல்ல?" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லாமல் அவர் தட்டின் ஓரத்திலிருந்த இஞ்சி ஊறுகாயை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொள்வார். "இதுல உப்பு ஜாஸ்தி. இது இல்லாம சாப்பிட்டுப் பழகுங்க." கழகத்தின் நர்ஸ் தினமும் வந்து பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அழுத்தம் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் மகனுக்கு ஜுரம், வரவில்லை. மற்ற மூன்று பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி இரண்டு தடவை கதவைப் பார்த்தார். அதிகாரி அன்றைய மதிப்பீட்டைத் தள்ளுபடி செய்தார்.

கிடங்கில் உட்கார்ந்திருக்கும்போது மத்தியானம் எப்போது வரும் என்று லிஃப்ட்காரர் காத்திருக்க ஆரம்பித்தார். அவர்களிடம் சொல்வதற்கென்று விஷயங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வரும் வழியில் ஒரு நாய் பஸ்ஸில் ஏறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கியது. அதைச் சொன்னபோது மனைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

பிறகு மதிப்பீடு முடிந்தது.

கழகத்தின் வரலாற்றில் வெந்நீருக்கு அடுத்தபடியாக மதிப்பு பெற்ற உணவு என்பதால் விழா எடுத்தார்கள். கேரட் சிலைக்கு மாலை போட்டார்கள். தலைவர் வந்தார். எழுந்து பேசினார்.

"நம் கழகத்தைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள், இத்தனை காலமாக எத்தனை உணவுக்கு மதிப்பு கொடுத்தீர்கள் என்று. அவர்களுக்கு நான் சொல்வேன்: மதிப்பு கொடுப்பது சுலபம். சமையல்காரன்கூடக் கொடுத்துவிடுவான். கொடுக்காமல் இருப்பதற்குத்தான் இத்தனை மாடி தேவை, இத்தனை பேர் தேவை. நாம் இதுவரை ஒரு உணவுக்குக்கூடத் தப்பான மதிப்பு கொடுத்ததில்லை. இந்த நற்பெயருக்கு இன்று ஓர் ஆபத்து வந்திருக்கிறது. ஆனால் நாம் அஞ்சவில்லை. இந்த உணவை நான் சாப்பிட்டதில்லை. சாப்பிடவும் மாட்டேன். சாப்பிட்டவன் நடுநிலையோடு பேச முடியாது. ஆகவே நடுநிலையோடு அறிவிக்கிறேன். யாக்கிசோபா எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் உணவு, நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குச் சத்துள்ளது. தனி ஒருவருக்குப் பொருந்தாது."

கைதட்டல் எழுந்தது. எல்லோருக்கும் வெந்நீர் கொடுத்தார்கள்.

கைதட்டல் அடங்கியதும் அலகுப் பிரிவு அதிகாரி மேடை ஓரத்தில் நின்று இன்னொரு அறிவிப்பைப் படித்தார். பணி நிறைவடைந்ததால் தற்காலிகக் குடும்பம் இன்று முதல் கலைக்கப்படுகிறது. உறுப்பினர்கள் தத்தம் பிரிவுகளுக்குத் திரும்பவும்.

லிஃப்ட்காரர் அவரிடம் போனார். "சார், நாளைக்கு ஒரு நாள் மட்டும்…"

"எதுக்கு?"

"பாதில விட்ட மாதிரி இருக்கு சார்" என்றார் லிஃப்ட்காரர்.

"மதிப்பீடு பூர்த்தியாயிடுச்சே. ரொம்ப நல்ல குடும்பம் உங்களோடது. குறையே இல்ல" என்று அதிகாரி அவர் கையைக் குலுக்கினார். உண்மையாகவே சொன்னார். நல்ல மனிதர்.

மறுநாள் மதிப்பீட்டை வாங்கிக்கொள்ள லிஃப்ட்காரர் கழகத்துக்குப் போனார். வரவேற்பில் இருந்த பெண் "வணக்கம் சார்" என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார். மேல்மாடியில் அந்த நீண்ட அறைக்குள் நுழைந்தபோது எல்லா இழுப்பறைகளும் சட்டென மூடிக்கொண்டன. கடைசி மேஜையில் மனைவியாக இருந்தவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய இழுப்பறையும் மூடியிருந்தது. உதட்டோரத்தில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது.

"சாப்பிடுங்க. நான் போயிடறேன்" என்றார் லிஃப்ட்காரர்.

"இல்ல, முடிஞ்சுது." கண்ணாடிச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டார். "நீங்க… மறுபடியும் மேல ஏறலாம்னு சொல்லிட்டாங்களா?"

"இனிமேதான் கேக்கணும்."

"ஏறும்போது பாத்து" என்றார். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்து மேஜைக்காரர் இருமினார். மனைவியாக இருந்தவர் உடனே தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் மதிப்பீட்டை வாங்கிப் படித்தார். மிகவும் திருப்தி அடைந்தார். அழுத்தமும் சரியாக இருந்தது. "நாலு பேராச் சாப்பிடுங்க, தாராளமா மேல ஏறுங்க" என்றார். அந்த நாலு பேர் எங்கே என்று கேட்பது அவருடைய துறை இல்லை.

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் நூடுல்ஸ் கடைக்குப் போனார். தூரத்திலிருந்தே கூட்டம் தெரிந்தது. கழகம் மதிப்பு கொடுத்த கடை என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. வாசலில் கழகத்தின் ஆய்வாளர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குடும்பத்தோடு வந்தவர்கள் உள்ளே போனார்கள். தனியாக வந்தவர்கள் ஓரமாக நின்றார்கள்.

"அம்மா!" என்று லிஃப்ட்காரர் கை ஆட்டினார்.

கடைக்காரம்மாவுக்கு நிமிர நேரமில்லை. இரண்டு கல்லில் வேலை நடந்தது. வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "அடுத்த குடும்பம்!" என்று கத்தினார்.

தனியாக வந்தவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. யாரும் வீட்டுக்குப் போகிற மாதிரி தெரியவில்லை. ஆய்வாளருக்கே சங்கடமாகிவிட்டது. விதிகளைப் புரட்டிப் பார்த்தார். நான்கு பேர் குடும்பமாக இருக்க வேண்டும் என்று இருந்தது. எவ்வளவு காலமாகக் குடும்பமாக இருக்க வேண்டும் என்று இல்லை. அவர் எழுந்து நின்று, ஓரமாக நின்றவர்களை ஆளுக்கு ஒரு உறவு சொல்லிப் பிரிக்க ஆரம்பித்தார்.

"நீங்க அப்பா. நீங்க அம்மா. நீ பையன். ஒரு பொண்ணு குறையுது, பொண்ணு யாரும்மா?"

லிஃப்ட்காரரின் மேஜைக்கு அம்மாவாக வந்தவர் ஆஸ்பத்திரி ஆயா. பையனாக வந்தவன் பெட்ரோல் பங்கு சட்டையோடு இருந்தான். பெண்ணாக வந்தவள் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள் போலிருந்தது, கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கியது. நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். தட்டுகள் வந்தன. வைத்த கை கடைக்காரம்மாவுடையது இல்லை, புதிதாகச் சேர்ந்த வேலையாளுடையது. சூடாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. லிஃப்ட்காரர் கையைச் சுட்டுக்கொண்டார்.

ஆயா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களைத் தேய்த்துக்கொண்டே சாப்பிட்டார். பையன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, முதல் ஆளாக எழுந்து போனான். அப்புறம் ஆயா போனார்.

துணிக்கடைப் பெண் கடைசி வாயைச் சாப்பிட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். போகும்போது, வேறு ஏதோ யோசனையில், "வரேன்ப்பா" என்றாள்.

எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற 'ப்பா'தான் அது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். லிஃப்ட்காரர் கேட்டுத் தெரிந்துகொள்ள முயலவில்லை.

"பாத்துப் போம்மா" என்றார்.

அவள் சாலையைக் கடந்து, பேருந்து நிலையத்துக் கூட்டத்துக்குள் கலந்து மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் இன்னும் கொஞ்சம் இருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டால் எழுந்துவிட வேண்டும். ஆய்வாளர் இந்தப் பக்கம் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு இழையாக எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.